விமானம் தாழப் பறக்கட்டும், நாம தரையில நின்னு பார்ப்போம்



போன மாச சுவர் இதழ்ல மழைநீர் சேகரிப்பு பற்றி எழுதினாங்க. அதுக்கு முந்தின மாசம் நூலகம் பற்றி எழுதினாங்க. நம்ம ஊர்ல தினமும் நடக்கிற ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் இதுவரைக்கும் யாருமே எழுதல. அதான் விமானம். சமூக அறிவியல் வகுப்பு நடந்துகிட்டு இருக்கும். திடீர்னு ஜன்னல் கம்பி கடகடன்னு ஆடும். டீச்சர் சாக்பீசைக் கையில வச்சுக்கிட்டு அப்படியே நிப்பாங்க. நாம எல்லாரும் கழுத்தை நீட்டி ஜன்னல் பக்கம் பார்ப்போம். பெரிய வயிறு, கீழே தொங்குற சக்கரம், வரிசையா சின்னச் சின்ன கண்ணாடி, அவ்வளவுதான், போயிடும். டீச்சர் "ம்... எங்க விட்டேன்?"னு கேப்பாங்க. ஒருத்தருக்கும் ஞாபகம் இருக்காது.

வெளியூர்ல இருந்து வர்ற சொந்தக்காரங்க முதல் நாள் காதைப் பொத்திக்குவாங்க. ரெண்டாம் நாள் மொட்டை மாடிக்கு ஓடுவாங்க. அந்த சந்தோஷம் எனக்கும் உண்டு. அதை முதல்லயே ஒத்துக்கிறேன். ஆனா அந்த சந்தோஷத்தை நாம எப்படி அனுபவிக்கிறோம்ங்கிறதுலதான் எனக்கு ஒரு வருத்தம் இருக்கு.

ஏன் இந்த ஆசை?

ஒரு பொருள் ரொம்பப் பெரிசா இருந்தா ஆச்சரியம் வரும். ரொம்ப வேகமா வந்தா பயம் வரும். ரெண்டும் நம்ம தலைக்கு மேலயே வந்துட்டுப் போனா, பயமும் ஆச்சரியமும் கலந்து ஒரு சிலிர்ப்பு வரும். அடுத்த நிமிஷம் "நமக்கு ஒண்ணும் ஆகல"ன்னு ஒரு சிரிப்பு வரும். திருவிழாவுல ராட்டினம் சுத்திட்டு இறங்கும்போது வருமே, அதே சிரிப்புதான். மீனம்பாக்கத்துல அடிக்கடி இறங்குற ஒரு விமானத்துல 180 பேர் வரைக்கும் உட்காரலாம். இறங்கும்போது அதோட எடை ஏறத்தாழ 60 டன் இருக்கும்னு அறிவியல் சார் சொன்னார். ஒரு யானை 4 டன்னு வச்சுக்கிட்டா 15 யானை! பதினஞ்சு யானை நம்ம பள்ளிக்கூட ஓட்டுக்கு மேல பறந்து போனா யார்தான் பார்க்க மாட்டாங்க? அதனால பார்க்கிறது தப்பு இல்லை. பார்க்காம இருக்கிறவங்கதான் அதிசயம்.

தண்ணி டேங்க் கதை

இப்ப கசப்பான விஷயத்துக்கு வர்றேன். நம்ம ஊர் தண்ணி டேங்க் மேல ஏறி விமானம் பார்க்கிறது பசங்களுக்குள்ள ஒரு போட்டியா ஆயிடுச்சு. யார் டேங்க் உச்சியில நின்னு கையை ஆட்டுறாங்களோ அவர்தான் ஹீரோ. ஏறாதவன் பயந்தாங்கொள்ளி. பத்தாம் வகுப்பு அண்ணன் ஒருத்தர் ஏணியில பாதி ஏறும்போது விமானம் வந்துடுச்சு. அண்ணாந்து பார்க்க ஒரு கையை விட்டார். கீழே விழுந்து வலது கை உடைஞ்சது. மாவுக்கட்டோட அரையாண்டுத் தேர்வை எழுத முடியாம வீட்டுல உட்கார்ந்திருந்தார். பேர் சொல்ல மாட்டேன். நமக்கெல்லாம் தெரியும், அவரும் இதைப் படிப்பார். அண்ணா, உங்களைக் கேலி பண்ண எழுதல. நீங்க விழுந்த மறுவாரமே அதே ஏணியில இன்னும் மூணு பேர் ஏறினாங்க. அதுக்காகத்தான் எழுதுறேன்.

கணக்கு போட்டுப் பார்த்தேன்

முக்கோணவியல் பாடம் நடத்தும்போது கணக்கு டீச்சர்கிட்ட ஒரு சந்தேகம் கேட்டேன். "டீச்சர், விமானம் நம்ம தலைக்கு மேல எவ்வளவு உயரத்துல போகுது?" டீச்சர் திட்டல. கரும்பலகையிலயே போட்டுக் காட்டினாங்க.

விமானம் சாதாரணமா 3 டிகிரி சாய்வுலதான் இறங்கும். நம்ம ஊர்ல இருந்து ஓடுபாதை தொடங்குற இடம் ஏறத்தாழ 2 கிலோமீட்டர், அதாவது 2000 மீட்டர். அட்டவணையில டேன் 3 டிகிரிக்கு 0.0524. பெருக்கினா சுமார் 105 மீட்டர் வரும். ஓடுபாதை தொடங்குற இடத்தைத் தாண்டும்போதே விமானம் 15 மீட்டர் உயரத்துல இருக்கணும். ரெண்டையும் கூட்டினா 120 மீட்டர். அஞ்சு பனைமரத்தை ஒண்ணு மேல ஒண்ணா நிறுத்தின மாதிரி.

டேங்க் உயரம் 15 மீட்டர் இருக்கும்னு பஞ்சாயத்துல வேலை பார்க்கிற மாமா சொன்னார். அப்ப டேங்க் உச்சியில நின்னாலும் விமானம் 105 மீட்டர் தள்ளித்தான் இருக்கும். நூத்தி இருபதுல பதினஞ்சுன்னா எட்டுல ஒரு பங்கு. நாங்க கீழே நின்னு பார்க்கிற விமானத்துக்கும், நீங்க உயிரைப் பணயம் வச்சு ஏறிப் பார்க்கிற விமானத்துக்கும் இவ்வளவுதான் வித்தியாசம். இதுக்கு ஒரு கையும் ஒரு அரையாண்டுத் தேர்வும் விலையா?

இன்னொரு கணக்கும் சொல்றேன். இறங்குற விமானத்தோட வேகம் மணிக்கு 250 கிலோமீட்டர்னு வச்சுக்கலாம். அப்படின்னா ஒரு செகண்டுக்கு ஏறத்தாழ 70 மீட்டர். நம்ம தலையைத் தாண்டி முப்பது செகண்டுக்குள்ள சக்கரம் ஓடுபாதைகிட்ட போயிடும். இந்த முப்பது செகண்டை மட்டும் மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

கிட்டப் போனவங்க

கரீபியன் கடல்ல செயின்ட் மார்ட்டின்னு ஒரு தீவு. அங்க மாஹோ கடற்கரைக்கு ஒட்டினாப்ல விமான ஓடுபாதை. கையை நீட்டினா தொட்டுடலாம் போல விமானம் இறங்கும். உலகம் பூரா இருந்து ஜனங்க அதைப் பார்க்க வர்றாங்க. விமானம் கிளம்பும்போது ஓடுபாதை வேலிக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு என்ஜின் காத்துல பறக்கிற மாதிரி நிக்கிறது அங்க ஒரு விளையாட்டு. உயிருக்கே ஆபத்துன்னு அறிவிப்புப் பலகை வச்சிருந்தும் நின்னாங்க. 2017 ஜூலையில நியூசிலாந்து நாட்டுலேர்ந்து வந்த 57 வயசுப் பெண்மணி ஒருத்தரை அந்தக் காத்து தூக்கி அடிச்சு, தலையில அடிபட்டு இறந்துட்டார். பலகையைப் படிக்கத் தெரியாதவரா இருந்திருக்க மாட்டார். "நமக்கு ஒண்ணும் ஆகாது"ங்கிற நினைப்புதான் காரணம். நம்ம டேங்க் ஏணிக்கும் அந்த வேலிக்கும் என்ன வித்தியாசம்?

பார்க்கிறவங்க மட்டும்தான் இப்படின்னு நினைக்காதீங்க. ஓட்டுறவங்களும் அத்துமீறி இருக்காங்க. இத்தாலி நாட்டுல கவலேசேன்னு ஒரு மலை ஊர். 1998 பிப்ரவரி 3-ந் தேதி அமெரிக்க ராணுவ விமானம் ஒண்ணு பயிற்சிக்காக அந்தப் பள்ளத்தாக்குல அனுமதிச்ச உயரத்தைவிட ரொம்பத் தாழப் பறந்தது. அங்க மலைக்குப் போற ரோப் கார் கம்பியை அதோட இறக்கை அறுத்துடுச்சு. ரோப் கார்ல இருந்த 20 பேரும் கீழே விழுந்து இறந்தாங்க. விமானத்துல இருந்த 4 பேரும் பத்திரமா திரும்பிப் போயிட்டாங்க. விமானத்துல எடுத்த வீடியோ டேப்பை அழிச்சதுக்காக ரெண்டு பேர் பிறகு வேலையை விட்டு நீக்கப்பட்டாங்க. இதைப் படிச்ச அன்னைக்கு எனக்குத் தூக்கம் வரல. தாழப் பறந்தவங்களுக்கு ஒண்ணும் ஆகல, கீழே சும்மா இருந்தவங்கதான் போனாங்க. சிலிர்ப்பு ஒருத்தருக்கு, ஆபத்து இன்னொருத்தருக்குன்னா அதுக்குப் பேர் வீரமா?

மெரினாவுல நான் பார்த்தது

2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை. விமானப் படையோட 92-ஆவது ஆண்டு விழாவுக்காக மெரினாவுல வான் சாகசம் நடந்தது. அப்பா, நான், தம்பி மூணு பேரும் ட்ரெயின் மாறி, நடந்து போய்ச் சேர்ந்தோம். ரஃபேல் வந்தப்ப அது முன்னாடி போச்சு, சத்தம் பின்னாடி வந்துச்சு! சூர்யகிரண் விமானங்கள் ஒட்டி ஒட்டிப் பறந்தப்ப தம்பி அப்பா தோள் மேல உட்கார்ந்து கத்தின கத்து இன்னும் என் காதுல இருக்கு. பைலட்டுங்க ஒருத்தரும் தப்பு பண்ணல. ஒவ்வொண்ணும் பல நாள் ஒத்திகை பார்த்து, கடலுக்கு மேலயே நடத்தினது.

ஆனா கீழே? லட்சக்கணக்கான ஜனம். பதினொரு மணியில இருந்து ஒரு மணி வரைக்கும் மண்டையைப் பிளக்கிற வெயில். நாங்க கொண்டு போன ஒரு பாட்டில் தண்ணி பன்னிரண்டு மணிக்கே தீர்ந்துடுச்சு. திரும்பி வரும்போது கூட்டத்துல என் செருப்பு போச்சு. ரோட்டோரம் ஒரு பாட்டியை உட்கார வச்சு முகத்துல தண்ணி தெளிச்சுகிட்டு இருந்தாங்க. மறுநாள் பேப்பர்ல அஞ்சு பேர் இறந்துட்டாங்கன்னு போட்டிருந்தது. வானத்துல எந்த விபத்தும் நடக்கல. அண்ணாந்து பார்க்கப் போன ஜனம் தண்ணியும் நிழலும் இல்லாம தவிச்சது. அன்னைக்கு நான் கத்துக்கிட்டது ஒண்ணு. மேலே பார்க்கிற நேரத்துல கால் எங்க இருக்கு, பக்கத்துல யார் இருக்காங்கன்னு நாம மறந்துடுறோம். டேங்க் ஏணியில கையை விட்ட அண்ணனும் அப்படித்தான் மறந்தார்.

நாங்க செஞ்ச தப்பு

இதை எழுதலாமா வேணாமான்னு மூணு நாள் யோசிச்சேன். மத்தவங்க தப்பை மட்டும் எழுதிட்டு என் தப்பை மறைச்சா அது கட்டுரை ஆகாது. அதனால எழுதுறேன்.

2025 தைப்பூசத்துக்குக் கோயில்கிட்ட போட்ட கடையில தம்பி ஒரு பச்சை லேசர் லைட் வாங்கினான். ராத்திரி மொட்டை மாடியில நானும் அவனும் தென்னை மரத்துல அடிச்சோம், எதிர் வீட்டுச் சுவர்ல அடிச்சோம். அப்ப ஒரு விமானம் இறங்க வந்தது. "அக்கா, அதுல அடிச்சா தெரியுமா?"ன்னு கேட்டான். நான் அக்கா. வேணாம்னு சொல்லி இருக்கணும். "அடிச்சுப் பாரு"ன்னு சொன்னேன். அடிச்சான். ரெண்டு பேரும் சிரிச்சோம். விமானம் போயிடுச்சு. அவ்வளவுதான்னு நினைச்சோம்.

அந்த வருஷம் மே மாசக் கடைசியில, துபாயில இருந்து 300-க்கும் மேற்பட்டவங்களோட சென்னையில இறங்க வந்த விமானத்து மேல யாரோ லேசர் ஒளி அடிச்சாங்கன்னும், போலீஸ் தேடுறாங்கன்னும் செய்தி வந்தது. அதைச் செஞ்சது நாங்க இல்லை. ஆனா படிச்சதும் எனக்குக் கை நடுங்கிடுச்சு. பள்ளிக்கூடம் திறந்ததும் அறிவியல் சார்கிட்ட பொதுவா கேக்கிற மாதிரி கேட்டேன். சார் சொன்னார், "லேசர் நம்ம கையில புள்ளி மாதிரி இருக்கும்மா. தூரம் போகப் போக விரியும். விமானிகளோட கண்ணாடி முழுக்க பச்சை வெளிச்சம் பரவிடும். ராத்திரி இருட்டுக்குப் பழகின கண்ணு அதுல கூசிப் போயிடும். கொஞ்ச நேரத்துக்கு எதிர்ல இருக்கிற மீட்டரும் தெரியாது, ஓடுபாதை விளக்கும் தெரியாது."

அப்பதான் அந்த முப்பது செகண்ட் கணக்கு எனக்கு உறைச்சது. அஞ்சு செகண்ட் கண்ணு கூசினா 350 மீட்டர் போயிடும். நம்ம தலையில இருந்து ஓடுபாதைக்கு இருக்கிறதே ரெண்டாயிரம் மீட்டர். அதுல ஆறுல ஒரு பங்கு தூரத்தை, நூத்தி எண்பது பேரை வச்சுக்கிட்டு, ஒரு விமானி கண்ணு தெரியாம ஓட்டணும். எதுக்காக? நானும் தம்பியும் சிரிக்கிறதுக்காக. அந்த விமானி யார்னு எனக்குத் தெரியாது. அவருக்கும் என் தம்பி வயசுல ஒரு பையன் இருக்கலாம். அவர்கிட்ட மன்னிப்புக் கேக்க வழி இல்லாததால, இந்தச் சுவர்ல கேட்டுக்கிறேன். லேசரை அப்பாகிட்ட கொடுத்துட்டு உண்மையைச் சொல்லிட்டோம். அப்பா அடிக்கல. அன்னைக்கு ராத்திரி முழுக்க எங்ககூட பேசவே இல்லை. அது அடியைவிட வலிச்சது.

எப்படியும் விழத்தானே செய்யுது?

இதைப் பற்றிப் பேசினப்ப என் தோழி ஒருத்தி கேட்டாள், "நாம என்ன ஒழுங்கா இருந்தாலும் விழற விமானம் விழத்தானே செய்யும்? ஆமதாபாத்துல என்ன ஆச்சு?" நியாயமான கேள்வி. 2025 ஜூன் 12-ந் தேதி ஆமதாபாத்துல இருந்து லண்டனுக்குக் கிளம்பின விமானம் கொஞ்ச நேரத்துலயே ஒரு மருத்துவக் கல்லூரி விடுதி மேல விழுந்தது. மதியச் சாப்பாட்டு நேரம். விமானத்துல இருந்த 242 பேர்ல ஒரே ஒருத்தர்தான் பிழைச்சார். தரையில இருந்த 19 பேரும் இறந்தாங்க. தட்டுல சோறு போட்டு உட்கார்ந்த மாணவர்கள் என்ன பாவம் செஞ்சாங்க? அந்த வாரம் நம்ம வகுப்புல ஒவ்வொரு விமானம் போகும்போதும் ஒருத்தரும் ஜன்னல் பக்கம் திரும்பல. எல்லாரும் மேலே ஓட்டைப் பார்த்தோம். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

என் பதில் இதுதான். அந்த விபத்தைத் தடுக்க நம்மகிட்ட ஒண்ணும் இல்லை. ஆனா நம்ம கையில இருக்கிற விஷயமும் உண்டு. டேங்க் ஏணி நம்ம கையில இருக்கு. லேசர் நம்ம கையில இருக்கு. கோழிக்கடைக் கழிவை ஏரிக்கரையில கொட்டினா பருந்தும் காக்காவும் கூடும். பருந்து என்ஜின்ல மாட்டினா என்ன ஆகும்னு எல்லாருக்கும் தெரியும். அதுவும் நம்ம ஊர் கையிலதான் இருக்கு. முடியாததைக் காட்டி முடிஞ்சதையும் செய்யாம விடுறது சரியா?

உண்மையான வீரம் எது?

ஒரு நாள் மழை நேரத்துல ஒரு விமானம் நம்ம தலைக்கு மேல இறங்க வந்துட்டு, திடீர்னு உறுமிக்கிட்டு மறுபடி மேலே ஏறிப் போனதே, ஞாபகம் இருக்கா? நாம எல்லாம் பயந்து கத்தினோம். சார் மறுநாள் விளக்கினார். இறங்குறதுக்கு எல்லாம் சரியா அமையலன்னா விமானி தயங்காம மேலே ஏறி, ஒரு சுத்து சுத்தி வந்து மறுபடி இறங்கணும். அதுக்குப் பேர் கோ-அரவுண்ட். அப்படிப் போனதுக்காக அவரை யாரும் பயந்தாங்கொள்ளின்னு சொல்ல மாட்டாங்க. அதுதான் நல்ல விமானிக்கு அழகு.

நான் இதைத்தான் சொல்ல வந்தேன். நம்மளைச் சிலிர்க்க வைக்கிற அந்த விமானம் விளையாட்டுக்காகத் தாழப் பறக்கல. இறங்குறதுக்காகத் தாழப் பறக்குது. மூணு டிகிரி தப்பாம, வேகம் தப்பாம, கண்ணு இமைக்காம ஒருத்தர் வேலை பார்க்கிறதாலதான் நாம பயப்படாம சிலிர்க்க முடியுது. நூறு பேரோட இறங்க வந்தவரே "இப்ப சரியில்ல"ன்னு மேலே போகலாம்னா, பாதி ஏணியில இருக்கிற ஒரு பையன் "எனக்கு வேணாம்டா"ன்னு கீழே இறங்குறதுல என்ன கேவலம்? அவன்தான் என்னைப் பொறுத்தவரை ஹீரோ.

என் வேண்டுகோள்

தலைமையாசிரியர் ஐயா அவர்களுக்கு: டேங்க் ஏணியோட அடிப்படிக்கு ஒரு கதவும் பூட்டும் போட பஞ்சாயத்துத் தலைவருக்கு நம்ம பள்ளி சார்பா ஒரு மனு கொடுக்க வேண்டும் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். நாங்க எல்லாரும் கையெழுத்துப் போடுறோம்.

மாணவ மாணவிகளுக்கு: யார் வீட்டுல லேசர் லைட் இருந்தாலும் ராத்திரி மாடிக்கு எடுத்துக்கிட்டுப் போகாதீங்க. விமானத்து மேல அடிக்கிறது சட்டப்படி குற்றம். அதைவிட முக்கியம், அது பாவம். பட்டம் விடுறவங்களும் விமானம் வர்ற வழியில விடாதீங்க.

விமானம் பார்க்கணும்னா நம்ம விளையாட்டு மைதானத்து வேப்பமரத்தடிதான் நல்ல இடம். நிழலும் இருக்கு, பக்கத்துலயே தண்ணிக் குழாயும் இருக்கு. நான் ஒரு நோட்டு போட்டிருக்கேன். மதிய இடைவேளையில எத்தனை விமானம் வந்தது, எந்தப் பக்கம் இருந்து வந்ததுன்னு எழுதுறேன். காத்தை எதிர்த்துதான் விமானம் இறங்கும், ஏறும். அதனால கிழக்கே இருந்து காத்து அடிக்கிற மழைக்காலத்துல நம்ம தலைக்கு மேல இறங்குது. மேல்காத்து அடிக்கிற ஆனி, ஆடியில அந்தப் பக்கமா இறங்கிட்டு நம்ம பக்கமா ஏறிப் போகுது. இது நானே நோட்டைப் பார்த்துக் கண்டுபிடிச்சு, சார்கிட்ட கேட்டு உறுதி பண்ணிக்கிட்டது. டேங்க் மேல ஏறினவங்க யாராவது இதைக் கண்டுபிடிச்சாங்களா?

சேர விருப்பம் உள்ளவங்க என்கிட்ட வாங்க. எந்த வகுப்பா இருந்தாலும் சரி. கை சரியானதும் அந்தப் பத்தாம் வகுப்பு அண்ணனும் வரணும்னு கேட்டுக்கிறேன். எழுத ஆள் தேவைப்படுது.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி